பழைய ஃப்ளோரசன்ஸ் மைக்ரோஸ்கோப்பை மைக்ரோ-மேனேஜருக்கு மாற்றலாமா? அளப்பதற்கு எதை நம்புவது?

செல்லேப்_மாணவி:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் லேபில் உள்ள ஃப்ளோரசன்ஸ் மைக்ரோஸ்கோப் பல கைகள் சேர்ந்து கட்டிய ஒன்று. உடல் ஒரு கம்பெனி, கேமரா வேறு கம்பெனி, மோட்டார் ஸ்டேஜ் இன்னொன்று, ஒளி வடிகட்டிகளை மாற்றும் ஃபில்டர் வீல் பிறகு தனியாக வாங்கி மாட்டியது. இதையெல்லாம் சேர்த்து ஓட்டும் மென்பொருளின் லைசென்ஸ் ஒரு யுஎஸ்பி டாங்கிளில் இருக்கிறது, ஒரே ஒரு பழைய விண்டோஸ் கணினியில்தான் ஓடும். அந்தக் கணினி இப்போது பாதி ராத்திரியில் நின்றுவிடுகிறது. புதுப் பதிப்பு வாங்கினால் எங்கள் கேமராவுக்கு அதில் ஆதரவு கிடையாது என்று விற்றவர்களே சொல்லிவிட்டார்கள், அதாவது மென்பொருளுக்காகக் கேமராவையும் மாற்றச் சொல்கிறார்கள்.

எனக்குத் தேவை பெரிதாக ஒன்றுமில்லை. உயிருள்ள செல்கள், தட்டில் 12 இடங்கள், மூன்று சேனல் (மூன்று நிற ஒளியில் தனித்தனிப் படம்), 24 மணி நேரம் ஓட வேண்டும். அப்புறம் அந்தப் படங்களில் உட்கருக்களை எண்ணி, ஒவ்வொன்றுக்குள்ளும் பச்சை ஒளி எவ்வளவு என்று அளக்க வேண்டும். மைக்ரோஸ்கோப்பை ஓட்ட மைக்ரோ-மேனேஜர் என்று ஓர் இலவச மென்பொருள் இருப்பதாகக் கேள்விப்பட்டேன், படங்களை அளக்கும் இமேஜ்ஜே மேலோட்டமாகப் பழக்கம், பைதான் ஓரளவு தெரியும்.

என் கேள்விகள்: ராத்திரி முழுக்க ஆளில்லாமல் ஓடும் அளவுக்கு மைக்ரோ-மேனேஜரை நம்பலாமா? அளப்பதற்கு இமேஜ்ஜேயின் விரிந்த பதிப்பான ஃபிஜி போதுமா, இல்லை செல்புரொஃபைலர், நபாரி என்று வேறு பட மென்பொருளுக்குப் போக வேண்டுமா? கடைசியாக ஒன்று. இலவச மென்பொருளில் அளந்த எண்களைக் கட்டுரையை மதிப்பிடுகிறவர்கள் ஏற்பார்களா என்று எங்கள் கைடு கேட்கிறார், என்ன பதில் சொல்வது?

ஆப்டிக்ஸ்_மேசை:

உங்கள் நிலைமைக்கென்றே எழுதப்பட்ட மென்பொருள்தான் மைக்ரோ-மேனேஜர். 2005 வாக்கில் சான் பிரான்சிஸ்கோவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ரான் வேல் அவர்களின் லேபில் ஆரம்பித்தது. அங்கேயும் இதே தலைவலிதான். ஒவ்வொரு கம்பெனியின் மென்பொருளும் தன் கருவியோடுதான் நன்றாகப் பேசும், அடுத்தவர் கேமராவை மாட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதனால் அடியில் சி++ இல் ஒரு மையப் பகுதி, அதற்குக் கீழே ஒவ்வொரு கருவிக்கும் டிவைஸ் அடாப்டர் என்ற சின்னத் துண்டு, மேலே இமேஜ்ஜேயோடு சேர்ந்து ஓடும் ஜாவா முகப்பு என்று பிரித்துக் கட்டினார்கள். கேமராவை மாற்றினால் அந்தத் துண்டு மட்டும் மாறும், உங்கள் வேலைமுறை அப்படியே இருக்கும்.

ராத்திரி முழுக்க ஓடுமா என்றால், ஓடும். ஆனால் அந்தக் கேள்வி மென்பொருளைவிட உங்கள் கேமராவின் டிரைவரைப் பற்றியது. மைக்ரோ-மேனேஜர் தளத்தில் ஆதரவுள்ள கருவிகளின் பட்டியல் இருக்கிறது. அதில் முதலில் கேமராவைத் தேடுங்கள், அப்புறம் ஸ்டேஜ் கன்ட்ரோலர், கடைசியாக ஃபில்டர் வீல். ஸ்டேஜும் வீலும் பெரும்பாலும் சீரியல் போர்ட் வழியாகப் பேசுகிறவை, அவற்றுக்கு எப்படியாவது வழி கிடைத்துவிடும். கேமரா அப்படியல்ல. அதற்குக் கம்பெனி தருகிற டிரைவர் வேண்டும், அந்த டிரைவர் 64-பிட்டில் இருக்க வேண்டும். பழைய கேமராக்கள் சிலவற்றுக்கு 32-பிட் டிரைவர் மட்டுமே உண்டு, 64-பிட் மென்பொருளால் அதை ஏற்றவே முடியாது. அங்கே மாட்டிக்கொண்டால் வேறு எதுவும் பேசிப் பயனில்லை, ஆகவே இதை முதலில் பார்த்துவிடுங்கள்.

கருவி எதையும் தொடுவதற்கு முன்னால் இன்னொன்று செய்யலாம். நிறுவும்போதே கூட ஒரு டெமோ கான்ஃபிகரேஷன் வரும். பொய்க் கேமரா, பொய் ஸ்டேஜ், பொய் ஃபில்டர் வீல் எல்லாம் அதில் உண்டு. உங்கள் மடிக்கணினியில் அதை ஏற்றி, மல்டி-டி அக்விசிஷன் ஜன்னலைத் திறந்து, உங்கள் பரிசோதனையை அப்படியே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எந்த வரிசையில் படம் எடுக்கிறது, கோப்பு எப்படிச் சேமிக்கிறது என்பதெல்லாம் மைக்ரோஸ்கோப் இல்லாமலே தெரிந்துவிடும்.

நிஜக் கருவிக்கு வரும்போது ஹார்ட்வேர் கான்ஃபிகரேஷன் விசார்டில் ஒவ்வொன்றாகச் சேருங்கள். கேமரா மட்டும் சேர்த்து லைவ் ஓடுகிறதா என்று பார்த்துச் சேமியுங்கள். அப்புறம் ஸ்டேஜ். அப்புறம் வீல். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சேர்த்துவிட்டு ஏதோ ஓடவில்லை என்றால் எது என்று கண்டுபிடிப்பதற்குள் நாள் போய்விடும். பிறகு 'சேனல்' என்று ஒரு குரூப் உண்டாக்கி, டாபி (உட்கருவைக் காட்டும் நீலம்), பச்சை, சிவப்பு என்று மூன்று பிரீசெட். ஒவ்வொன்றிலும் வீலின் எந்த இடம், எந்த ஷட்டர், விளக்கின் எந்த அளவு என்று எழுதிவிட்டால் போதும், பட்டனைத் தட்டினால் மூன்றும் சேர்ந்து மாறும். ஆட்டோ ஷட்டரை இயக்கத்தில் வையுங்கள். அது இல்லாமல் விளக்கு இடையிலும் எரிந்துகொண்டே இருந்தால் 24 மணி நேரத்தில் செல்கள் செத்துப்போகும், நீங்கள் மருந்தின் விளைவு என்று ஒளியின் விளைவை அளந்துகொண்டிருப்பீர்கள்.

செல்லேப்_மாணவி:

மிக்க நன்றி சார். கேமராவின் பெயர் பட்டியலில் இருக்கிறது! டிரைவர் 64-பிட்டா என்று நாளை பார்க்கிறேன். மூன்று சேனல், 12 இடம், 30 விநாடிக்கு ஒருமுறை என்று நினைத்திருந்தேன். சரியாக வருமா?

ஆப்டிக்ஸ்_மேசை:

வராது. கணக்குப் போடுங்கள். ஸ்டேஜ் ஒரு இடத்துக்குப் போய் நிற்க சுமார் 1 விநாடி. ஒவ்வொரு சேனலுக்கும் வீல் திரும்ப அரை விநாடி, எக்ஸ்போஷர் 200 மில்லிவிநாடி என்று வைத்தால் மூன்று சேனலுக்கு 2.1 விநாடி. ஆக ஓர் இடத்துக்கு 3.1, பன்னிரண்டு இடத்துக்கு 37 விநாடிக்கு மேல். நீங்கள் 30 என்று போட்டாலும் மைக்ரோ-மேனேஜர் சண்டை போடாது, முடிந்த வேகத்தில் எடுத்துக்கொண்டே போகும். பிறகு அளக்கும்போது நீங்கள் ஃபிரேம் எண்ணை 30 ஆல் பெருக்கினால் எல்லா வேகமும் தப்பாக வரும். ஒவ்வொரு படத்தோடும் சேமிக்கப்படும் குறிப்புகளான மெட்டாடேட்டாவில் அது உண்மையில் எந்த மில்லிவிநாடியில் எடுக்கப்பட்டது என்று பதிவாகியிருக்கும். நேர அச்சுக்கு அதை எடுங்கள்.

30 விநாடிக்கு ஒருமுறை உங்களுக்கு எதற்கு என்பதும் யோசிக்க வேண்டியது. உட்கருவில் பச்சைப் புரதம் கூடுவது குறைவது மணிக்கணக்கில் நடக்கிற விஷயம் என்றால் 10 நிமிடத்துக்கு ஒருமுறை தாராளம். செல்லுக்கும் ஒளி குறையும். கணினி வட்டில் பிடிக்கும் இடத்தையும் நினைத்துப் பாருங்கள். 2048 × 2048 பிக்சல், 16-பிட் என்றால் ஒரு படம் 8 மெகாபைட்டுக்குக் கொஞ்சம் மேல். ஒரு சுற்றுக்கு 36 படம், 24 மணி நேரத்தில் 144 சுற்று, கிட்டத்தட்ட 43 ஜிபி. இதுவே 30 விநாடி என்றால் இருபது மடங்கு.

சாதாரண டிஃப் படக் கோப்பு 4 ஜிபிக்கு மேல் போகாது என்பதையும் மனதில் வையுங்கள். மைக்ரோ-மேனேஜர் அதற்கேற்பப் பல கோப்புகளாகப் பிரித்து எழுதும், அந்தக் கோப்புகளை ஒரே ஃபோல்டரில் பெயர் மாற்றாமல் விட்டுவிடுங்கள்.

பிக்சல்_வாசகன்:

மேலே சொன்னதெல்லாம் சரி, ஒன்று மட்டும் சேர்க்கிறேன், இந்த இழையைப் படிக்கிற மற்றவர்களுக்காகவும். மைக்ரோ-மேனேஜர் கேமரா வைத்த மைக்ரோஸ்கோப்புக்குத்தான் பொருத்தம். லேசர் புள்ளி புள்ளியாக ஓடும் கான்ஃபோகல் வைத்திருக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கம்பெனி மென்பொருளைத் தூக்க வேண்டாம். அந்தக் கருவியின் ஸ்கேனர், டிடெக்டர் எல்லாம் மூடிய பெட்டிக்குள் இருக்கும், வெளி மென்பொருளுக்குப் பெரும்பாலும் கதவு கிடையாது. அங்கே படம் எடுப்பதைக் கம்பெனி மென்பொருளிலேயே செய்துவிட்டு, அது தருகிற என்டி2, சிஇசட்ஐ, எல்ஐஎஃப் கோப்பை ஃபிஜியில் பயோ-ஃபார்மேட்ஸ் என்ற பிளகின் வழியாகத் திறப்பதுதான் நடைமுறை. 150க்கும் மேற்பட்ட கோப்பு வகைகளை அது படிக்கும். பிக்சல் அளவு, சேனல் பெயர், எக்ஸ்போஷர் எல்லாம் கூடவே வரும். கம்பெனி மென்பொருளில் 'எக்ஸ்போர்ட் டிஃப்' கொடுத்து எடுத்தால் இவற்றில் பாதி காணாமல் போகும். ஜேபெக் பற்றிப் பேசவே வேண்டாம், அது பிக்சல் மதிப்புகளையே மாற்றிவிடும், அதை அளக்கக்கூடாது.

கேள்வி கேட்ட தோழிக்கு: ராத்திரியில் நின்றுபோவதற்கு மென்பொருளைக் குறை சொல்வதற்கு முன் விண்டோஸைப் பாருங்கள். யுஎஸ்பி போர்ட்டுக்கு மின்சாரம் மிச்சம் பிடிக்கும் ஓர் அமைப்பு இருக்கிறது, அதை நிறுத்துங்கள். கணினி தூங்கப் போவதை நிறுத்துங்கள். தானாக அப்டேட் ஆகி ரீஸ்டார்ட் ஆவதைப் பரிசோதனை முடியும் வரை தள்ளி வையுங்கள். எழுதுகிற இடம் உள்ளே இருக்கும் வட்டாக இருக்கட்டும், நெட்வொர்க் டிரைவ் வேண்டாம். நெட்வொர்க் ஒரு நிமிடம் போனாலும் மொத்தமும் போச்சு. முடிந்த பிறகு காப்பி செய்துகொள்ளலாம்.

ஒளிர்வு_அளப்பவர்:

அளக்கும் பக்கத்துக்கு நான் வருகிறேன். இங்கேதான் எனக்கு ரொம்பக் கவலை, ஏனென்றால் மென்பொருள் எதுவாக இருந்தாலும் சில தவறுகள் சத்தமே இல்லாமல் நடக்கும், படம் பார்க்க அழகாகவே இருக்கும்.

முதலில் கைடு கேட்ட கேள்வி. என்ஐஹெச் இமேஜ் என்ற பெயரில் வேய்ன் ராஸ்பேண்ட் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் மேக் கணினிக்காக இமேஜ்ஜேயின் முன்னோடியை 1987 இல் ஆரம்பித்தார். 1997 இல் ஜாவாவில் இமேஜ்ஜேயாக வந்தது, எந்த உரிமைத் தடையும் இல்லாமல் பொதுவில் விடப்பட்டது. அதன் மேல் பிளகின்கள் சேர்த்துக் கட்டியதுதான் ஃபிஜி, அதைப் பற்றிய கட்டுரை 2012 இல் நேச்சர் மெதட்ஸில் வந்தது. உயிரியல் ஆய்விதழ்களைப் புரட்டினால் முறைகள் பகுதியில் இந்தப் பெயர்கள் வராத இதழைக் காண்பதே அரிது. மதிப்பிடுகிறவர்கள் கேட்பது எந்தப் பதிப்பு, எந்தப் படிகள், என்ன அளவுருக்கள் என்பதைத்தான். அதைச் சொல்ல மூடிய மென்பொருளைவிட இதில்தான் வசதி. உங்கள் மேக்ரோவையே கட்டுரையோடு இணைத்துவிடலாம், யார் வேண்டுமானாலும் ஓட்டிப் பார்க்கலாம். உள்ளே என்ன கணக்கு நடக்கிறது என்று மூல நிரலைத் திறந்தே காட்டலாம். கைடிடம் இதைச் சொல்லுங்கள்.

இப்போது தவறுகள். 16-பிட் படத்தை ஃபிஜியில் 8-பிட்டாக மாற்றினால், அந்த நேரத்தில் திரையில் பிரைட்னஸ்-கான்ட்ராஸ்ட் எந்த எல்லையில் இருக்கிறதோ அதை 0 முதல் 255 வரை விரித்துவிடும். கன்ட்ரோல் படத்தில் அதிகபட்சம் 800, மருந்து கொடுத்த படத்தில் 3200 என்று வைப்போம். இரண்டையும் ஆட்டோ போட்டுப் பார்த்துவிட்டு 8-பிட்டாக மாற்றினால் இரண்டிலும் பிரகாசமான இடம் 255 பக்கம் வந்து நிற்கும். நான்கு மடங்கு வித்தியாசம் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. அளப்பது எப்போதும் 16-பிட் மூலத்தில். 8-பிட் படம் ஸ்லைடுக்கும் கட்டுரையின் ஃபிகருக்கும் மட்டும், அங்கேயும் எல்லாப் படத்துக்கும் ஒரே எல்லை.

அடுத்தது கேமராவின் ஆஃப்செட். ஒளியே இல்லாமல் ஷட்டரை மூடி ஒரு படம் எடுத்துப் பாருங்கள், பூஜ்யம் வராது. எஸ்சிமாஸ் (sCMOS) என்ற வகை அறிவியல் கேமராக்கள் பலவற்றில் 100 பக்கம் ஒரு மதிப்பு இருக்கும். அதைக் கழிக்காமல் 150ஐயும் 200ஐயும் ஒப்பிட்டால் 1.33 மடங்கு. கழித்தால் 50ம் 100ம், அதாவது இரண்டு மடங்கு. கட்டுரையின் முடிவே இதில் மாறிவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் ஒரு இருட்டுப் படம் எடுத்து வையுங்கள். கூடவே, சமமாக ஒளிரும் ஸ்லைடு ஒன்றை ஒவ்வொரு சேனலிலும் எடுத்து வையுங்கள். மைக்ரோஸ்கோப்பின் ஒளி நடுவில் அதிகமாகவும் ஓரத்தில் குறைவாகவும்தான் விழும், ஓரத்துச் செல் பாவம் தன் தப்பில்லாமல் மங்கலாகத் தெரியும். மூலப் படத்திலிருந்து இருட்டைக் கழித்து, அதை இருட்டு கழித்த சம ஒளிப் படத்தால் வகுத்தால் சரியாகிவிடும். ஃபிஜியில் இமேஜ் கால்குலேட்டரே போதும், முடிவை 32-பிட்டில் எடுங்கள்.

சாச்சுரேஷனும், அதாவது கேமரா அதற்கு மேல் எண்ண முடியாமல் நிரம்பிவிடுவதும், அப்படித்தான். 12-பிட் கேமரா 16-பிட் கோப்பில் எழுதினாலும் உச்சம் 4095. ஹிஸ்டோகிராம் வலது கோடியில் ஒரு சுவர் மாதிரி நின்றால் அந்தப் பிக்சல்களின் உண்மை மதிப்பு இனி யாருக்கும் தெரியாது. எக்ஸ்போஷரை உங்கள் பிரகாசமான மாதிரியை வைத்து முடிவு செய்துவிட்டு, பிறகு எல்லா மாதிரிக்கும் அதையே வையுங்கள்.

செல்லேப்_மாணவி:

8-பிட் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. எங்கள் லேபில் கைமாறி வரும் குறிப்பேட்டில் முதல் படியே '8-பிட்டாக மாற்றவும்' என்றுதான் இருக்கிறது. சரி, உட்கருவை எண்ணுவதற்கு? திரெஷோல்ட் (ஓர் அளவுக்கு மேல் பிரகாசமானதை மட்டும் எடுப்பது) போட்டு வாட்டர்ஷெட் (ஒட்டியதை வெட்டிப் பிரிப்பது) போட்டால் ஒட்டிக்கொண்டிருக்கும் உட்கருக்கள் சில இடத்தில் சேர்ந்தே இருக்கின்றன, சில இடத்தில் ஒன்றையே மூன்றாக வெட்டுகிறது.

ஒளிர்வு_அளப்பவர்:

குறிப்பேட்டில் அந்தப் படி அநேகமாகத் திரெஷோல்டுக்காக வந்திருக்கும். எல்லையைக் கண்டுபிடிக்க 8-பிட் பிரதி ஒன்றை வைத்துக்கொள்வதில் தப்பில்லை. எல்லை கிடைத்ததும் அதை ஃபிஜியில் குறித்த பகுதிகளைச் சேர்த்து வைக்கும் ஆர்ஓஐ மேனேஜரில் போட்டு, மதிப்பை மட்டும் மூலப் படத்திலிருந்து எடுக்க வேண்டும்.

உட்கருவுக்கு ஸ்டார்டிஸ்ட் போட்டுப் பாருங்கள். உட்கரு உருண்டையாகவோ முட்டை வடிவமாகவோ இருக்கும் என்பதை அடிப்படையாக வைத்து, நடுவிலிருந்து எல்லாத் திசையிலும் எல்லை எவ்வளவு தூரம் என்று ஊகிக்கிற முறை அது. அதனால்தான் ஒட்டிக்கொண்டிருப்பவற்றை வாட்டர்ஷெட்டைவிட நன்றாகப் பிரிக்கிறது. ஃபிஜியில் அப்டேட் சைட்டுகளில் சிஎஸ்பிடீப், ஸ்டார்டிஸ்ட் இரண்டையும் டிக் செய்தால் வந்துவிடும். ஃப்ளோரசன்ஸ் உட்கருவுக்கு ஏற்கெனவே பயிற்சி கொடுத்த மாடல் கூடவே உண்டு, உங்கள் டாபி சேனலில் அப்படியே ஓட்டலாம். முழு செல்லின் எல்லை வேண்டும், அதுவும் கோணல்மாணலான வடிவம் என்றால் செல்போஸ். நேரத்தோடு ஒவ்வொரு செல்லையும் தொடர வேண்டும் என்றால் டிராக்மேட், அதற்குள்ளிருந்தே ஸ்டார்டிஸ்டையும் செல்போஸையும் அழைக்கலாம்.

ஆனால் மாடல் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். கன்ட்ரோலிலிருந்தும் மருந்து கொடுத்ததிலிருந்தும் சில படங்களைக் கண்ணை மூடிப் பொறுக்கி, நீங்களே கையால் எண்ணி ஒப்பிடுங்கள். மருந்தால் உட்கரு சுருங்கிச் சிதைகிறது என்றால் அந்தப் பக்கம் மட்டும் மாடல் அதிகம் தவறவிடும். அப்போது உங்கள் முடிவு சாய்ந்துவிடும், மொத்தத் துல்லியத்தைப் பார்த்தால் அது தெரியாது.

பைதான்_பக்கம்:

செல்புரொஃபைலர் பற்றிக் கேட்டிருந்தீர்கள், யாரும் தொடவில்லை. நூற்றுக்கணக்கான படங்களை ஒரே மாதிரி ஓட்ட வேண்டும், நிரல் எழுத விருப்பமில்லை என்றால் அது மிக நல்லது. ஒவ்வொரு படியும் ஒரு மாட்யூல், வரிசையாக அடுக்கினால் பைப்லைன், கடைசியில் ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு வரி என்று அட்டவணை கொட்டும். ஒளி சமமின்மையைச் சரிசெய்யவும் அதில் மாட்யூல் உண்டு. திசுப் படத்தில் எது செல், எது பின்னணி என்று தூரிகையால் வரைந்து கற்றுக்கொடுக்க வேண்டும் என்றால் இலாஸ்டிக்.

பைதான் தெரியும் என்கிறீர்கள், அதனால் என் வோட்டு நபாரிக்கும், சைக்கிட்-இமேஜ் என்ற பைதான் நூலகத்துக்கும். நபாரியில் மூலப் படத்தின் மேல் லேபிள்களை ஓர் அடுக்காக வைத்து நேரத்தில் முன்னும் பின்னும் இழுத்துப் பார்க்கலாம், தப்பான லேபிளைத் தூரிகையால் அங்கேயே திருத்தலாம். பைக்ரோ-மேனேஜர் வழியாக மைக்ரோஸ்கோப்பையே பைதானிலிருந்து ஓட்டலாம். படம் எடுத்தவுடன் உட்கருவை எண்ணி, செல் குறைவாக உள்ள இடத்தை விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போகச் சொல்வதெல்லாம் முடியும். ஆனால் அது பிறகு. முதல் பரிசோதனையை மல்டி-டி ஜன்னலிலேயே ஓட்டுங்கள்.

எதை எடுத்தாலும் ஒன்று செய்யுங்கள். ஃபிஜி தன்னைத்தானே அப்டேட் செய்துகொள்ளும். கட்டுரைக்கான அளவுகளை ஆரம்பிக்கும் அன்று ஃபிஜி ஃபோல்டரை அப்படியே ஒரு காப்பி எடுத்து, தேதி போட்டு வைத்து, முடியும் வரை அந்தக் காப்பியிலேயே வேலை செய்யுங்கள். பைதான் என்றால் தனி என்வைரன்மென்ட், பதிப்பு எண்களோடு கோப்பில் எழுதி வையுங்கள். மைக்ரோ-மேனேஜரின் கான்ஃபிக் கோப்பையும் ஒவ்வொரு பரிசோதனையின் ஃபோல்டரிலும் ஒரு பிரதி போடுங்கள், அது வெறும் டெக்ஸ்ட், இடமே பிடிக்காது.

கட்டுரையில் இந்த மென்பொருள்களின் கட்டுரைகளை மேற்கோளாகக் கொடுங்கள். இதையெல்லாம் பராமரிக்கிறவர்கள் அடுத்த நிதிக்கு விண்ணப்பிக்கும்போது காட்டுவதற்கு அந்த எண்ணிக்கைதான் இருக்கிறது. இத்தனை லேபுகள் இதன் மேல் நிற்கின்றன, முறைகள் பகுதியில் 'இமேஜ்ஜேயில் அளந்தோம்' என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுவது எனக்குச் சரியாகவே படவில்லை.

செல்லேப்_மாணவி:

எல்லோருக்கும் நன்றி. நிலவரம்: கேமராவுக்கு 64-பிட் டிரைவர் கிடைத்துவிட்டது, லைவ் படம் வருகிறது. ஸ்டேஜ் நகர்கிறது. ஃபில்டர் வீல் மட்டும் விசார்டில் சேர்த்ததும் 'பதில் இல்லை' என்று நேரம் கடந்து நின்றுவிடுகிறது. போர்ட் எண் சரியாகத்தான் கொடுத்திருக்கிறேன், டிவைஸ் மேனேஜரில் அது தெரிகிறது.

ஆப்டிக்ஸ்_மேசை:

பாட் ரேட், அதாவது சீரியல் போர்ட்டில் பேசும் வேகம். வீலின் கையேட்டில் 9600 ஆ, 115200 ஆ, வேறு ஏதாவதா என்று பாருங்கள், விசார்டில் சீரியல் போர்ட்டின் அமைப்பில் அதே எண் இருக்க வேண்டும். எண் சரியாக இருந்தும் பேசவில்லை என்றால், பழைய மென்பொருளோ அதன் பின்னணிச் சேவையோ அந்தக் கணினியில் ஓடிக்கொண்டு போர்ட்டைப் பிடித்து வைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் திறக்க முடியும். வீல் பேச ஆரம்பித்ததும் செல் வைக்காமல் வெறும் தட்டோடு 24 மணி நேரம் 12 இடத்தையும் 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஓட விடுங்கள், முடிந்ததும் 144 சுற்றும் வந்திருக்கிறதா என்று எண்ணிவிட்டு இங்கே எழுதுங்கள்.